காம்போசிட் எவ்வளவு இறுகியது? பல் பொருட்களும் நிறமாலைக் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேட்டுக்கான மாதிரிகளோடு கருவி அறைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் கொண்டுவருவது பல் நிறத்தில் அடைத்து நீல லைட்டால் இறுக்குகிற காம்போசிட். ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் அவையேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். காம்போசிட் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் தவறான எண்கள் ஆய்வேட்டுக்குள் எளிதாக நுழைவது அங்கேதான். மற்ற பொருட்கள் பின்பகுதியில் வரும்.

லைட் அடிச்சதும் கல்லு மாதிரி ஆயிடுதே சார், அப்புறம் எதுக்கு மெஷின்ல வேற பார்க்கணும்?

காம்போசிட் பசையில் இருப்பது மெத்தாக்ரிலேட் மோனோமர்களும் கண்ணாடி, சிலிக்காத் தூள்களும். ஒவ்வொரு மோனோமர் மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒரு கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு இருக்கும். பசையில் சிறிதளவு கலந்திருக்கும் காம்ஃபர்குயினோன் நீல ஒளியை, குறிப்பாக 468 நானோமீட்டர் அருகே, உறிஞ்சி அமீனோடு சேர்ந்து வினையைத் தொடங்கி வைக்கிறது. இரட்டைப் பிணைப்புகள் திறந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகின்றன.

எல்லாப் பிணைப்புகளும் திறக்கும் வரை இந்த வலை காத்திருப்பதில்லை, வெகு முன்பே கெட்டியாகிவிடும். 45 விழுக்காடு வினையான அடைப்பையும் 65 விழுக்காடு ஆனதையும் எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்முனைக் கருவியால் தட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் தேய்மானம், நிறம் மாறுவது, மோனோமர் கசிவது ஆகிய மூன்றும் அந்த வித்தியாசத்தைச் சார்ந்தவை. அதை எண்ணாகச் சொல்லத்தான் கருவி வேண்டும்.

அகச்சிவப்புக் கதிர் உள்ளே போய் என்னத்தைப் பார்க்குது?

பிணைப்புகளின் அதிர்வைப் பார்க்கிறது. எந்த அணுக்கள், எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பிணைப்பும் தனக்கென்று சில அதிர்வெண்களில் கதிரை உறிஞ்சும். கருவி வரையும் படத்தில், அதாவது ஸ்பெக்ட்ரத்தில், அது ஒரு முகடாக (பீக்) எழும். அந்த இடத்தை அலை எண்ணால் குறிப்பார்கள். அதன் அலகு செ.மீ.⁻¹. இனி அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

காம்போசிட்டில் மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். 1638-இல் மெத்தாக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பு. 1608-இல் பிஸ்-ஜிஎம்ஏ மூலக்கூறின் நடுவில் இருக்கும் பென்சீன் வளையம். 1720 அருகே கார்பனைல். இதில் பிஸ்-ஜிஎம்ஏ என்பது அமெரிக்கத் தேசியத் தர அளவைக் கூடத்தில் ரஃபேல் போவன் உருவாக்கி 1962-இல் காப்புரிமை பெற்ற மோனோமர். இன்றும் பல காம்போசிட்டுகளுக்கு அதுவே அடிப்படை. லைட் அடித்தால் 1638 குறையும். வளையம் வினையில் சேர்வதில்லை, அதனால் 1608 அப்படியே இருக்கும்.

கன்வர்ஷன் எப்படிக் கணக்குப் போடறது? ஒரு தடவை எண் வெச்சுச் சொல்லுங்க.

இரட்டைப் பிணைப்புகளில் எத்தனை விழுக்காடு திறந்தது என்பதை ஆய்வேடுகளில் டிகிரி ஆஃப் கன்வர்ஷன் என்று எழுதுவார்கள், இங்கே மாற்ற விகிதம் என்கிறேன். பசையாக இருக்கும்போது 1638-இன் உயரத்தை 1608-இன் உயரத்தால் வகுங்கள். 1.20 வந்ததாக வைத்துக்கொள்வோம். லைட் அடித்த பிறகு அதே விகிதம் 0.48 என்றால், 0.48-ஐ 1.20-ஆல் வகுக்க 0.40. அதாவது 40 விழுக்காடு இரட்டைப் பிணைப்புகள் மிச்சம். மாற்ற விகிதம் 60 விழுக்காடு.

உயரமா, பரப்பா என்று அடுத்து கேட்பார்கள். இரண்டும் செல்லும். ஆனால் இரண்டு பீக்குகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பவை, எனவே உயரத்தை எங்கிருந்து அளப்பது என்று காட்டும் அடிக்கோட்டை எங்கே வரைகிறீர்கள் என்பதில் எண் சில விழுக்காடு நகரும். பசைக்கு ஒரு விதமாகவும் இறுகியதற்கு வேறு விதமாகவும் வரைந்தால் கணக்கு கெட்டுவிடும். ஒரே முறையை எல்லா மாதிரிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

1608-ஐ எதுக்கு இழுக்கணும்? 1638 எவ்வளவு குறைஞ்சதுன்னு நேரா பார்த்தா போதாதா?

போதாது. இறுகும்போது காம்போசிட் சுருங்குகிறது. கருவியில் மாதிரியை வைக்கும் வைரப் பரப்போடு அது ஒட்டியிருக்கும் விதம் மாறுகிறது, ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. இதனால் எல்லாப் பீக்குகளுமே கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். 1638 மட்டும் பார்த்தால், எவ்வளவு வினையால் குறைந்தது, எவ்வளவு தொடர்பு விட்டதால் குறைந்தது என்று பிரிக்க வழியில்லை. அருகிலேயே இருக்கும் 1608-ம் அதே அளவு பாதிக்கப்படுவதால், விகிதம் எடுத்தால் அந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

100 சதவீதம் ஏன் வரவே மாட்டேங்குது? என் லைட் சரியில்லையா?

லைட் நன்றாக இருந்தாலும் வராது. வலை கெட்டியாக ஆக மூலக்கூறுகள் நகர இடமில்லாமல் போகிறது. வினை செய்யத் தயாராக இருக்கும் முனையும் திறக்காத இரட்டைப் பிணைப்பும் பக்கத்தில் இருந்தும் சந்திக்க முடியாமல் உறைந்துவிடுகின்றன. அறை வெப்பநிலையில் பெரும்பாலான காம்போசிட்டுகள் 50 முதல் 75 விழுக்காட்டுக்குள் நின்றுவிடும்.

பிஸ்-ஜிஎம்ஏ தன் ஹைட்ராக்சில் தொகுதிகளால் மிகவும் பிசுபிசுப்பானது. தனியாக விட்டால் இன்னும் சீக்கிரம் உறையும். டெக்-டிஎம்ஏ போன்ற நீர்த்த மோனோமரைக் கலப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மாதிரியில் 95 விழுக்காடு வந்தால் மகிழ்வதற்கு முன் கணக்கையும் அடிக்கோட்டையும் சரிபாருங்கள்.

அப்போ 60 வந்தா, மீதி 40 சதவீத மோனோமர் நோயாளி வாயில கரையுதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பலரும் கேட்காமலே அப்படி எழுதிவிடுகிறார்கள். 40 விழுக்காடு என்பது மிச்சமிருக்கும் இரட்டைப் பிணைப்புகளின் அளவு. அது மோனோமரின் அளவு கிடையாது. ஒரு மூலக்கூறில் இரண்டு பிணைப்புகள் இருக்கின்றன. ஒன்று வலையில் மாட்டிக்கொண்டால், மற்றொன்று திறக்காவிட்டாலும் மூலக்கூறு வெளியே வர முடியாது.

இரண்டு முனையும் திறக்காத மூலக்கூறுதான் கசியும். வினை முற்றிலும் தற்செயலாக நடக்கிறது என்று வைத்தால் அதன் பங்கு 0.40 × 0.40, அதாவது 16 விழுக்காடு. நடைமுறையில் கரைப்பானில் ஊற வைத்து வெளியே எடுக்க முடிவது இதைவிடக் குறைவாகவே இருக்கும். கசிவு எவ்வளவு என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஊற வைத்த திரவத்தை, அதிலுள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் திரவ வண்ணப்படிவுக் கருவியில் கொடுங்கள். அகச்சிவப்பு நிறமாலை அதற்குப் பதில் சொல்லாது.

எத்தனை வந்தா பாஸ்?

அப்படி ஒரு எல்லைக்கோடு இல்லை. காம்போசிட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 4049 தரநிலை மாற்ற விகிதத்தைக் கேட்பதே இல்லை. அச்சில் இறுக வைத்த காம்போசிட்டின் அடியில் மென்மையாக இருப்பதைச் சுரண்டி எடுத்து, மிஞ்சிய நீளத்தில் பாதியை இறுகிய ஆழம் என்று கணக்கிடச் சொல்கிறது. சாதாரண நிறங்களுக்கு அது 1.5 மி.மீ.-க்குக் குறையக்கூடாது, ஒளிபுகா நிறங்களுக்கு 1 மி.மீ.

மாற்ற விகிதம் ஒப்பீட்டுக்கான அளவு. அதே பொருள், இரண்டு லைட்டுகள். அதே பொருள், 2 மி.மீ. ஆழமும் 4 மி.மீ. ஆழமும். இப்படிக் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். வெவ்வேறு மோனோமர் கொண்ட இரண்டு பிராண்டுகளில் ஒன்றுக்கு 58, இன்னொன்றுக்கு 66 என்று வந்தால், இரண்டாவதுதான் சிறந்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே பொருளில்கூட மாற்றம் கூடினால் சுருங்கும் இழுவிசையும் கூடுகிறது.

ஏடிஆர்-ல மாதிரியோட மேல் பக்கத்தை அளக்கிறோமா, கீழ் பக்கத்தையா?

ஏடிஆர் என்பது மாதிரியை வைரப் பரப்பின் மேல் வைத்து அகச்சிவப்பில் அளக்கும் முறை. அதில் அளப்பது வைரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தை. அதிலும் ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம்தான். 2 மி.மீ. தடிமன் அச்சை வைரத்தின் மேல் வைத்து, பசையை நிரப்பி, மேலே மைலார் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை மூடி, மேலிருந்து லைட் அடித்தால் உங்களுக்குக் கிடைப்பது அடிப்பரப்பின் மாற்ற விகிதம். அடைப்பின் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க இதுவே சரியான அமைப்பு. ஆனால் ஆய்வேட்டில் அதைக் காம்போசிட்டின் மாற்ற விகிதம் என்று பொதுவாக எழுதினால் தவறு. எந்தத் தடிமனில், எந்தப் பரப்பில் என்று சேர்த்து எழுதுங்கள்.

மேற்பரப்பை அளக்க நினைப்பவர்கள் மைலார் தாளை மறக்கக்கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைத் தடுத்து மேலே ஒட்டுகிற மெல்லிய படலத்தை விட்டுவைக்கும். ஏடிஆர் அந்தப் படலத்தை மட்டும் படித்து, உள்ளே நன்றாக இறுகிய மாதிரிக்கும் மோசமான எண்ணைக் கொடுத்துவிடும்.

லைட் அடிச்ச உடனே எடுக்கணுமா, மறுநாளா?

இரண்டும் எடுங்கள். லைட்டை அணைத்த பிறகும் வினை மெதுவாக ஓடுகிறது. 24 மணி நேரத்தில் எண் நன்றாகவே ஏறியிருக்கும். ஒரு குழுவை ஐந்து நிமிடத்திலும் இன்னொரு குழுவை மறுநாள் காலையிலும் அளந்துவிட்டு, வித்தியாசத்தை லைட்டின் பெயரில் எழுதிய அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். வெப்பநிலையும் அப்படித்தான். 23 டிகிரியில் வைத்ததையும் 37 டிகிரியில் வைத்ததையும் ஒரே பத்தியில் போடக்கூடாது.

பசையின் முதல் ஸ்பெக்ட்ரத்தையும் கவனியுங்கள். குழல் விளக்கு வெளிச்சத்தில் பசையைப் பரப்பி வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் வினை அப்போதே தொடங்கிவிடும். உங்கள் தொடக்க விகிதம் குறைந்து, முடிவில் மாற்றமும் குறைவாகத் தெரியும். விளக்கைக் குறைத்துவிட்டு, ஆரஞ்சு மூடிக்கு அடியில் வேலை செய்யுங்கள்.

என் பொருள்ல 1608 பீக்கே இல்ல. மெஷின் கெட்டுப்போச்சா?

மெஷின் நன்றாக இருக்கிறது. உங்கள் பொருளில் பென்சீன் வளையம் இல்லை. யுடிஎம்ஏ-வை அடிப்படையாகக் கொண்ட காம்போசிட்டுகளில் இப்படி வரும். அந்த மோனோமரில் வளையத்துக்குப் பதில் யூரித்தேன் பிணைப்பு இருக்கிறது. அதன் 1537 அருகேயுள்ள பீக்கைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சிலர் 1720 கார்பனைலை எடுக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. மெத்தாக்ரிலேட்டில் கார்பனைல் இரட்டைப் பிணைப்பின் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பிணைப்பு திறந்ததும் கார்பனைல் பீக்கும் சற்று இடம் நகர்ந்து வடிவம் மாறும். அசையாமல் நிற்க வேண்டிய துணையே அசைந்தால் விகிதத்தில் பிழை வரும். வேறு வழி இல்லாதபோது மட்டும் அதை எடுங்கள், எடுத்ததை எழுதுங்கள். பொருள் வாங்கும் முன்பே கலவை விவரத் தாளைப் படித்துவிட்டால் இந்தச் சங்கடம் வராது.

37 டிகிரி தண்ணியில ஒரு நாள் ஊற வெச்சுக் கொண்டு வந்திருக்கேன். அப்படியே வைக்கலாமா?

வேண்டாம். நீர் மூலக்கூறின் வளைவு அதிர்வு 1640 அருகே உறிஞ்சுகிறது. நீங்கள் அளக்கப்போகும் 1638-இன் மேலேயே அது வந்து உட்காரும். ஈரமான மாதிரியில் இரட்டைப் பிணைப்பு அதிகம் மிஞ்சியதுபோல் தெரிந்து, மாற்ற விகிதம் குறைவாக வரும். ஈரத்தை எடுக்கும் மூடிய பாத்திரமான டெசிக்கேட்டரில் உலர்த்தி, 3400 அருகேயுள்ள நீரின் அகன்ற மேடு மேலும் குறையாத நிலை வந்த பிறகு அளங்கள். உலர்ந்த குழுவோடு ஈரக்குழுவை ஒப்பிடவே கூடாது.

ராமன்லயும் இதேதானே வரும்? எது நல்லது?

ராமன் விளைவு திருச்சியருகே பிறந்த சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணனோடு கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டது. 1930-இல் நோபல் பரிசு பெற்றது. ஒளி பட்டுச் சிதறும்போது மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது, அந்த மாற்றம் பிணைப்பின் அதிர்வைச் சொல்கிறது. காம்போசிட்டில் 1640, 1610 என்ற அதே இரட்டைதான் இங்கேயும். கணக்கும் முன்பு சொன்னதே. நீர் இதில் மிக மங்கலாகத் தெரியும் என்பதால் ஈரத் தொல்லை குறைவு. நுண்ணோக்கியோடு சேர்ந்த கருவியில் ஓரிரு மைக்ரான் புள்ளியாக நகர்த்தி, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினுக்குள், அடைப்பைப் பல்லோடு ஒட்டவைக்கும் பிணைப்புப் பசை எவ்வளவு தூரம் ஊடுருவியது என்று படம் போடலாம். பல் கனிமத்தின் பாஸ்பேட் 960-இல் கூர்மையாக நிற்கும், பசையின் வளையம் 1610-இல். ஒன்று இறங்கி மற்றொன்று ஏறும் இடமே எல்லை. 1640-ஐ மட்டும் அங்கே நம்பாதீர்கள், டென்டினிலுள்ள கொலாஜன் புரதத்தின் அமைடு மேடு பக்கத்தில் வந்து கலக்கும்.

இரண்டு தொல்லைகள் உண்டு. டென்டின் பச்சை லேசரில் ஒளிர்ந்து ஸ்பெக்ட்ரத்தையே மூழ்கடிக்கும். 785 நானோமீட்டர் லேசர் கேளுங்கள். மற்றது பலர் யோசிக்காதது: 488 நானோமீட்டர் போன்ற நீல லேசரை இறுகாத பசை மேல் விட்டால், அளக்கிற லேசரே அதை இறுக்கிவிடும். முதல் கேள்வியில் சொன்ன காம்ஃபர்குயினோன் உறிஞ்சும் பகுதி அதுதான்.

சாஃப்ட்வேர் லைப்ரரி என் காம்போசிட்டை பாலிகார்பனேட்டுன்னு காட்டுது. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?

ஏமாற்றவில்லை. பாலிகார்பனேட், எப்பாக்ஸி, பிஸ்-ஜிஎம்ஏ மூன்றுக்கும் நடுவில் பிஸ்ஃபீனால்-ஏ எலும்புக்கூடு பொதுவானது. 1608, 1510, 830 பீக்குகள் மூன்றிலும் வரும். கார்பனைலைப் பாருங்கள்: பாலிகார்பனேட்டில் 1770 அருகே, மெத்தாக்ரிலேட்டில் 1720 அருகே. மென்பொருள் தன்னிடம் இருப்பதில் நெருங்கிய ஒன்றைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இதையொட்டியே, அப்போது பிஸ்ஃபீனால்-ஏ கசிகிறதா என்றும் கேட்பார்கள். இந்தப் பீக்குகள் வலையில் கட்டுண்ட எலும்புக்கூட்டைத்தான் காட்டுகின்றன. தனியாக இருக்கும் பிஸ்ஃபீனால்-ஏ மிகமிகச் சிறு அளவு. அகச்சிவப்புக் கருவிக்கு எட்டாது. அதற்கு நிறை நிறமாலைக் கருவி இணைந்த வண்ணப்படிவு முறை வேண்டும்.

கிளாஸ் அயனோமருக்கும் 1638-தான் பார்க்கணுமா?

கண்ணாடித் தூளும் பாலிஅக்ரிலிக் அமிலமும் சேர்ந்த அடைப்புப் பொருளே கிளாஸ் அயனோமர். அதன் சாதாரண வகையில் இரட்டைப் பிணைப்பு வினை கிடையாது. லண்டன் அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கிய இந்தப் பொருள் அமில–கார வினையால் இறுகுகிறது. பாலிஅக்ரிலிக் அமிலத்தின் 1700 அருகேயுள்ள பீக் குறையக் குறைய, உலோக அயனிகளோடு சேர்ந்த கார்பாக்சிலேட் 1540 முதல் 1600 வரையிலான பகுதியில் எழும். நிமிடத்துக்கு ஒன்றாக ஸ்பெக்ட்ரம் எடுத்தால் வினை நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். நீர் இந்தப் பொருளின் ஓர் அங்கம் என்பதால் 1640 தொல்லை இங்கே கூடவே இருக்கும், உலர்த்தித் தப்பிக்கவும் முடியாது. ரெசின் கலந்த வகை என்றால் இரண்டு வினைகளும் உண்டு.

ஜிர்கோனியாவுல எல்லாமே ஒரே ஆக்சைடு. அதுல பார்க்க என்ன இருக்கு?

படிக அமைப்பு இருக்கிறது. பல் மருத்துவத்தில், பல்லின் மேல் மாட்டும் உறையான கிரவுன் போன்றவற்றில், வலுவுக்காக நாம் நம்பும் ஜிர்கோனியாவின் படிகம் டெட்ராகனல் வடிவம். ஈரத்தில் நாளாக ஆக, அல்லது பர் என்ற சுழல்முனையால் தேய்க்கும்போது, மேற்பரப்பில் அது மோனோகிளினிக் ஆக மாறலாம். ராமனில் டெட்ராகனல் 147 அருகேயும், மோனோகிளினிக் 181, 190 என்ற இரட்டைப் பீக்காகவும் பிரிந்து தெரியும். 2001-இல் இடுப்பு மூட்டுக்கான ஜிர்கோனியாப் பந்துகள் சில தொகுதிகளில் உடைந்து திரும்பப் பெறப்பட்ட பிறகு, இந்த மாற்றத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் கிரவுனைத் தேய்க்கும் முன் ஒரு ஸ்பெக்ட்ரம், பின் ஒன்று, மெருகேற்றிய பின் ஒன்று எடுங்கள். நல்ல ஆய்வாக வரும்.

மெட்டல் கிரவுன்ல நிக்கல் இருக்கான்னு கையில பிடிக்கிற கருவியிலயே பார்க்கலாமா?

எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் நிக்கல், குரோமியம், கோபால்ட், மாலிப்டினம் எல்லாம் நொடிகளில் தெரியும், கிரவுனும் கெடாது. ஆனால் பீங்கான் பூசிய பக்கத்தில் வைத்தால் பீங்கானையும் சேர்த்துப் படிக்கும். இன்னொன்று முக்கியம்: சில நிக்கல்–குரோமியக் கலவைகளில் சேர்க்கப்படும் பெரிலியம் மிக லேசான தனிமம், இந்தக் கருவிக்கு அது தெரியவே தெரியாது. அறிக்கையில் வரவில்லை என்பதால் பெரிலியம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். லேப் டெக்னீஷியன்கள் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள்.

உலோகம் வாயில் கசிகிறதா என்பது வேறு கேள்வி. லாக்டிக் அமிலமும் உப்பும் கலந்த கரைசலில் 37 டிகிரியில் 7 நாள் ஊற வைத்து, அந்தத் திரவத்தை, கரைந்த தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. நிறமாலைக் கருவியில் கொடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 10271 சொல்லும் வழி இது. பெரிலியத்தையும் ஐ.சி.பி. பிடிக்கும்.

பிடுங்கின பல்லையெல்லாம் ஃபார்மலின்ல போட்டு வெச்சிருந்தேன். பரவாயில்லையா?

எனாமலின் பாஸ்பேட்டை மட்டும் பார்ப்பதென்றால் ஓரளவு சமாளிக்கலாம். டென்டின் கொலாஜன், பிணைப்புப் பசை என்றால் சிக்கல்தான். ஃபார்மலின் கொலாஜனைக் குறுக்கே கட்டிப்போடுகிறது, அமைடு பீக்குகளை நம்ப முடியாது. அடுத்த முறை 0.5 விழுக்காடு குளோரமைன்-டி அல்லது 0.1 விழுக்காடு தைமால் கரைசலில் குளிர்ச்சியாக வையுங்கள்.

மெத்தட்ஸ் பகுதியில கருவி பேர் மட்டும் எழுதினா போதுமா? கைடு அவ்வளவுதான் கேட்டார்.

போதாது. இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்கு எழுத வேண்டும். கருவிக்கு: ஏடிஆர் படிகம் எது, பிரிதிறன் எவ்வளவு, எத்தனை ஸ்கேன். பொதுவாக 4 செ.மீ.⁻¹ பிரிதிறன் போதும். லைட்டுக்கு: செறிவு, நேரம், முனை எவ்வளவு தூரத்தில் இருந்தது. சதுர செ.மீ.-க்கு 1000 மில்லிவாட் லைட்டை 20 நொடி அடித்தால் 20 ஜூல். செறிவைப் பெட்டியில் அச்சிட்டதிலிருந்து எடுக்காமல், அன்றைக்கு ரேடியோமீட்டரில் அளந்து எழுதுங்கள். மாதிரிக்கு: தடிமன், நிறம், பரப்பு, லைட்டுக்குப் பின் எத்தனை மணி நேரம், என்ன வெப்பநிலை, ஈரமா உலர்ந்ததா. கணக்குக்கு: எந்த இரண்டு பீக்குகள், உயரமா பரப்பா, அடிக்கோடு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை.

ஸ்பெக்ட்ரத்தைப் படமாக மட்டும் வாங்கிப் போகாதீர்கள். எண் தரவுக் கோப்பையும் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். வைவாவில் தேர்வாளர் அடிக்கோட்டைப் பற்றிக் கேட்டால், அதைத் திறந்து அங்கேயே காட்டலாம்.